பழைய சரித்திரப் புத்தகங்களும் ஒரு வாசகசாலைப் பிள்ளைகளும்: விளவங்கோட்டுப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் இது. ரப்பர் பால்வெட்டு, முந்திரி ஆலை, வளைகுடா வேலை, இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத வீடு குறைவு. ஊர் வாசகசாலையில் சனிக்கிழமை மாலை ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் கூடுவார்கள். பதினைந்து பேர் வந்தால் நல்ல கூட்டம். நடத்துவது மூன்று பேர்: ஓய்வுபெற்ற ஒரு தமிழ் டீச்சர், கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி, நான். முதலில் கதைப் புத்தகம் படிப்பது, விடுகதை, ஓவியம் என்றுதான் போய்க்கொண்டிருந்தது. சரித்திரம் வந்து சேர்ந்தது தற்செயலாக.

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்த ஒரு தலைமையாசிரியர் இறந்துபோனார். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது, அவருடைய புத்தகங்களை எடைக்குப் போட மனசில்லாமல் பிள்ளைகள் மூன்று டிரங்குப் பெட்டிகளில் அடைத்து வாசகசாலைத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவற்றை வைத்துப் பாடம் நடத்தலாமா, நடத்தினால் எப்படி என்ற கேள்வி அன்று தொடங்கியது. ஒரு கல்வியாண்டு முழுக்க என்னென்ன செய்தோம், எது எடுபட்டது, எங்கே மாட்டிக்கொண்டோம் என்பதை எழுதிவைக்கிறேன். வேறு ஊரில் யாராவது இதேபோல் பெட்டி திறந்தால் உதவும்.

பெட்டியில் இருந்தது

மூன்று வகைப் புத்தகங்கள். 1940, 50களில் அச்சான தமிழ் வாழ்க்கை வரலாறுகள்தான் அதிகம். காந்தி, லிங்கன், வாஷிங்டன், வ.உ.சி., வேலுத்தம்பி தளவாய் என்று சின்னச் சின்னப் புத்தகங்கள், விலை அணாக்கணக்கில் போட்டிருக்கும். அடுத்தது திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பள்ளிச் சரித்திரப் புத்தகங்கள். 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தன, அன்றைக்கு இங்கே பல பள்ளிகளில் மலையாளத்தில்தான் பாடம். மூன்றாவதாக ஆங்கிலத்தில் சில. நாகம் ஐயா எழுதி 1906இல் வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலின் மூன்று தொகுதிகளில் ஒன்று, அட்டை இல்லாமல் கிடைத்தது. இராமபாணப் பூச்சிக்கு மொழி பேதம் இல்லை, மூன்று வகையையும் சமமாகத் தின்றிருந்தது.

காகிதம் பழுத்து, மடக்கினால் ஒடிகிற நிலை. அந்தக் காலத்து மலிவுக் காகிதத்தில் அமிலம் இருப்பதால் அது தானாகவே பழுத்துப் பொடியும், அதோடு இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து அடிக்கிற ஈரம் வேறு. பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுக்கக்கூடியவை கால்வாசி இருக்கும்.

முதல் சில வாரங்களில் கவனித்தது

முதல் தடை எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்பதால் லை, னை, ணை, றா, னா எல்லாம் வேறு உருவத்தில் நின்றன. நன்றாகப் படிக்கிற எட்டாம் வகுப்புப் பையன்கூட ஒரு வரியில் மூன்று இடத்தில் இடறினான். டீச்சர் ஒரு சார்ட்டில் பழைய உருவத்தையும் இன்றைய உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். படிப்பில் பின்தங்கியவர்கள் என்று நாங்கள் நினைத்த இரண்டு பிள்ளைகள்தான் முதலில் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது எதிர்பாராதது. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால் அவர்களுக்குக் கூச்சம் போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

அடுத்தது வருடக் கணக்கு. திருவிதாங்கூர்ப் புத்தகங்கள் கொல்லம் ஆண்டில்தான் பேசும். வீட்டுக் காலண்டரில் கொல்லம் ஆண்டு தினமும் கண்ணில் படுகிறது, ஆனால் பிள்ளைகள் யாருக்கும் அதை ஆங்கில வருடமாக மாற்றத் தெரியவில்லை. சிங்கம் அதாவது ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐக் கூட்டு, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825ஐக் கூட்டு, அவ்வளவுதான். திருவிதாங்கூர் மந்திரி வேலுத்தம்பி ஆங்கிலேயரை எதிர்க்க மக்களை அழைத்து விட்ட குண்டறை விளம்பரம் கொல்லம் 984 மகரம் 1 என்று இருக்கும், 825ஐக் கூட்டினால் 1809. இதைக் கண்டுபிடித்த பிறகு ஒரு மாதத்துக்கு வீட்டுப் பத்திரம், கிணற்றுக் கட்டில் வெட்டிய வருடம், பாட்டாவின் (தாத்தாவின்) ஜாதகம் என்று எதைக் கண்டாலும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் உரக்கப் படித்து விளக்கம் சொல்லுகிற முறை எடுபடவில்லை. பழைய வாழ்க்கை வரலாறுகளில் முதல் நாலு பக்கம் நாட்டு வர்ணனை, குலப்பெருமை, அப்புறம் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்த மகிமை என்று போகும், அதற்குள் பின்வரிசை கொட்டாவி விட ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறு இடங்களில்: என்ன சாப்பிட்டார்கள், சம்பளம் எவ்வளவு, தண்டனை எப்படிக் கொடுத்தார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள். இந்த விவரங்கள் பழைய புத்தகங்களில் நிறைய உண்டு, இன்றைய பாடப்புத்தகத்தில் இடமில்லாமல் போனவை. பழைய புத்தகத்தின் பலம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். எழுதினவருக்கு அவசரம் இல்லை, ஒரு சண்டையைச் சொல்ல பத்துப் பக்கம் எடுத்துக்கொள்வார்.

வாஷிங்டன் புத்தகம் படித்தபோது ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள், “இவரு சின்ன வயசுல ஒரு பொய்கூட சொல்லலியா சாரே?” அப்பாவுடைய செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒத்துக்கொண்ட கதை அந்தப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது. வாஷிங்டன் இறந்தது 1799இல். அந்த மரக்கதை முதலில் அச்சில் வந்தது வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில், அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் முடிவு. இதைத் தம்பி சொன்னதும் வகுப்பில் பெரிய சிரிப்பு. பொய் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுக்க ஒரு பொய்யை எழுதியிருக்கிறார்களே என்று ஒரு பையன் சொல்லி முடிக்கவில்லை, இன்னொருத்தன் வேலுத்தம்பி புத்தகத்தைக் கையில் எடுத்து “அப்போ இதுல எது பொய்?” என்று கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்துதான் வகுப்பின் போக்கு மாறியது.

சிக்கல்

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மலையாளப் பள்ளிப் புத்தகம் ஒன்றின் ஒரு பகுதியை டீச்சர் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தார், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பத்தியாகப் படித்தார்கள். நாட்டு மக்களின் ஜாதிப் பிரிவுகளைச் சொல்லுகிற பத்தி ஒரு சிறுமியிடம் வந்தது. அதில் அவளுடைய சமுதாயத்தைப் பழைய பேரில், இன்றைக்கு இந்த ஊரில் சண்டை வந்தால் மட்டும் வாயில் வருகிற பேரில் குறித்திருந்தார்கள், கூடவே அவர்கள் செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியலும் இருந்தது. அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பின்னால் ஒரு பையன் சிரித்தான். டீச்சர் உடனே பேச்சை மாற்றி வகுப்பை முடித்தார்.

மறுநாள் அவளுடைய பாட்டா வந்தார், எழுபது வயசுக்கு மேல் இருக்கும். கோபமாக வரவில்லை, திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகவே பேசினார். “எங்க அம்மை சொன்ன கதை எனக்கு நல்லாத் தெரியும் மக்களே, பிள்ளைகளும் தெரிஞ்சுக்கிடட்டு. ஆனா அந்தச் சொல்லை என் பேத்தி வாயால, நாலு பேர் முன்னால படிக்க வைக்கணுமா?” என்றார். இன்னொரு வீட்டிலிருந்து போன் வந்தது, அது வேறு மாதிரி: பழசைக் கிளறினால் பிள்ளைகளுக்குள் வேற்றுமை வரும், இனி என் மகனை எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், இந்தப் புத்தகங்களை மூடிவையுங்கள்.

இரண்டு புகாரும் ஒன்றல்ல. பாட்டா கேட்டது யார் வாயால் என்பதை. போனில் பேசியவர் கேட்டது சொல்லவே வேண்டாம் என்பதை. இதைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு இரண்டு மூன்று நாள் விவாதம் தேவைப்பட்டது, அதில் எங்களுக்குள்ளேயே மூன்று கருத்து. டீச்சர் அந்த வரிகளின் மேல் தாள் ஒட்டிவிடலாம் என்றார். தம்பி எதையும் மறைக்கக்கூடாது, உள்ளதை உள்ளபடி படிக்க வேண்டும் என்றான், இருபது வயசில் அப்படித்தான் தோன்றும். எனக்கு டீச்சர் சொன்னதும் உறுத்தியது, தம்பி சொன்னதும் உறுத்தியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூலப் புத்தகத்தில் எதையும் ஒட்டுவதில்லை, அடிப்பதில்லை என்று முதலில் தீர்மானித்தோம். அந்தப் புத்தகம் அன்றைய அரசு பள்ளிக்கு அனுப்பிய சாட்சி, அதில் இருந்ததை நாம் அழித்தால் பின்னால் வருகிறவர்களிடம் இப்படி ஒரு காலம் இருந்தது என்று காட்ட எதுவும் இருக்காது. ஆனால் பிள்ளைகள் கைக்குப் போகிற ஜெராக்ஸிலும் மொழிபெயர்ப்பிலும் அந்தப் பேர்களுக்குப் பதில் ஒரு கோடு போட்டு, இங்கே ஒரு சமுதாயத்தின் பேர் இழிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று ஓரத்தில் குறிப்பது. அப்படிப்பட்ட பத்தியைப் பெரியவர் ஒருவர்தான் படிப்பார், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிப்பார். எந்தப் பிள்ளையிடமும் அவர்கள் வீட்டுக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை, தானாகச் சொன்னால் கேட்பது.

அப்புறம், எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் அதன் முதல் தாளும் கடைசித் தாளும். யார் எழுதினார், எந்த வருடம், எந்த ஊரில் அச்சு, யாருக்குச் சமர்ப்பணம், பாடநூலா, விலை என்ன. சமர்ப்பணம் மகாராஜாவுக்கு என்றால் மகாராஜாவைப் பற்றி உள்ளே என்ன இருக்கும் என்று பிள்ளைகளே ஊகித்துச் சொல்ல வேண்டும், பிறகு படித்துச் சரிபார்க்க வேண்டும். இது ஒரு விளையாட்டாகவே மாறிவிட்டது.

ஒருவரைப் பற்றி ஒரே புத்தகத்தோடு நிறுத்துவதில்லை என்பது அடுத்த முடிவு. குறைந்தது இரண்டு, அதுவும் வேறு வேறு காலத்தில் எழுதியவை. இரண்டாவது கிடைக்காவிட்டால் ஒரு இடம், அல்லது ஊரில் ஒரு பெரியவர். தம்பி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பழைய புத்தகங்கள் சிலவற்றை இறக்கி அச்செடுத்து வந்தான், பெட்டியில் ஒடிந்துபோயிருந்த ஒரு புத்தகம் முழுசாக அங்கே கிடைத்தது. தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மார்க் எதிர்பார்க்க வேண்டாம் என்று வீடுகளில் சொல்லிவிட்டோம். அதைக் கேட்டு இரண்டு வீட்டில் பிள்ளைகளை டியூஷனுக்கு மாற்றினார்கள்.

வேலுத்தம்பி, இரண்டு புத்தகங்களில்

அவருடைய சொந்த ஊர் தலக்குளம், இரணியல் பக்கம். எங்கள் மாவட்டத்துக்காரர். அதனால் முதலில் அவரை எடுத்தோம். ஒன்று 1947க்கு முன் வந்த மலையாளப் பள்ளிப் புத்தகத்தின் ஒரு பாடம், இன்னொன்று சுதந்திரத்துக்குப் பின் வந்த தமிழ் வாழ்க்கை வரலாறு. முதல் புத்தகத்தில் அவர் திறமையான, ஆனால் கடுமையான மந்திரி, கடைசியில் அவசரப்பட்டுக் கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்துக் கெட்டார். இரண்டாவதில் முதல் பக்கத்திலிருந்தே விடுதலை வீரர்.

பிள்ளைகள் இரண்டையும் எதிரெதிரே வைத்துச் சுவரில் ஒரு கால வரிசை எழுதினார்கள். 1799இல் இந்தத் தென்பக்கத்து மக்களைத் திரட்டிக்கொண்டு அவர் திருவனந்தபுரத்துக்குப் போனது, அப்போதைய மந்திரி ஜயந்தன் நம்பூதிரியைப் பதவியிலிருந்து இறக்கியது, அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரின் காதை அறுத்தது. 1804இல் படைவீரர்களின் படிப்பணத் தகராறில் படை கலகம் செய்தபோது, கும்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயின் உதவியோடு அதை அடக்கியது. 1805இல் வருடத்துக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் என்று கும்பெனியோடு உடன்படிக்கை. அந்தப் பணத்தைக் கட்ட முடியாமல் திணறியது, மெக்காலேயோடு பகை, 1809 ஜனவரியில் குண்டறை விளம்பரம், அதே வருடம் மண்ணடியில் சாவு. காது அறுத்தது ஒரு புத்தகத்தில் நீதி, இன்னொன்றில் அது இல்லவே இல்லை. 1804 கலகத்தைத் தமிழ்ப் புத்தகம் ஒரே வரியில் கடந்துவிடுகிறது.

“முதல்ல கூட்டாளி, பெறவு எதிரியா?” என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம். அவ்வளவுதான் பதில், ஆனால் அந்த மூன்று எழுத்தை ஏற்றுக்கொள்ள அரை மணி நேரம் வாதம் நடந்தது. வீரர் என்றால் முழுக்க வீரராகத்தான் இருக்க வேண்டும் என்பது சினிமாவிலிருந்தும் பாடப்புத்தகத்திலிருந்தும் சேர்ந்து வருகிற பழக்கம். ஒருவர் சில வருடத்தில் மாறலாம், மாறியதற்குக் கடனும் அவமானமும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காது மட்டும்தான் நினைவில் நின்றது.

பாட்டிகள் வந்தது

மலையாளப் புத்தகங்களை டீச்சர் ஒருவரே மொழிபெயர்த்துக் கொடுப்பது நடக்கிற காரியமாக இல்லை. அப்போதுதான், 1956க்கு முன் பள்ளியில் சேர்ந்த பாட்டிகளுக்கு மலையாளம் எழுத்துக்கூட்டியாவது படிக்க வருமே என்ற யோசனை வந்தது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ராகம் போட்டுப் படித்தார், இடையிடையே நிறுத்தி “இதை நாங்க காணாப்பாடம் படிச்சோம், தப்பினா அடி” என்றார், மனப்பாடம் செய்ததைத்தான் அப்படிச் சொன்னார். பேரப்பிள்ளைகளுக்கு அது பெரிய ஆச்சரியம். தங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாத புத்தகத்தைப் பாட்டி கடகடவென்று படிக்கிறாள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வரைபடம் இருந்தது. திருவனந்தபுரம் தலைநகர், தெற்கே குமரி முனை, கிழக்கே செங்கோட்டை வரை ஒரே நிறம், எங்கள் தாலுகா அதற்குள். பிள்ளைகளுக்கு இது புரியவில்லை, பக்கத்தில் களியக்காவிளையில் சோதனைச்சாவடி இருக்கிறது, அதைத் தாண்டினால்தானே கேரளம்? இங்கிருந்து பேச்சு தானாகவே இந்தத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்துக்குப் போனது: நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை முதல்வராக இருந்தபோது 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, அதற்கு அந்த அரசு ராஜினாமா செய்ய வேண்டும் என்று அதே கட்சியின் லோகியா சொன்னது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது, அதையும் மாறுகிறபடியே சுவரில் எழுதினோம். இரண்டாவது பாட்டி, அன்றைக்கு ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் கேட்கவில்லை.

குளச்சலும் உதயகிரியும்

திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் சண்டைக்கு எங்கள் கையில் இருந்த இரண்டு புத்தகங்கள் இரண்டு தேதி கொடுத்தன. ஒன்று 1741 ஜூலை 31, இன்னொன்று ஆகஸ்ட் 10. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். கொல்லம் ஆண்டுக்கு மாற்றிப் பார்த்தபோது எந்தத் தேதியாக இருந்தாலும் 916 ஆடி மாதம்தான் என்று தெரிந்தது. அதோடு சண்டை ஓயவில்லை, ஆனால் இரண்டு புத்தகமும் ஒத்துப்போகிற இடம் எது, பிரிகிற இடம் எது என்று பார்க்கும் பழக்கம் வந்தது.

கடற்கரை உறவு உள்ள ஒரு பையன், குளச்சலில் மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோல் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் வரிசையாக நின்று டச்சுக்காரர்களைப் பயமுறுத்தினார்கள் என்று அவன் மாமா சொன்ன கதையைச் சொன்னான். எங்கள் கையில் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ராஜாவும் படைத்தலைவர்களும் மட்டும்தான் அவற்றில் சண்டை போடுகிறார்கள். இந்தக் கதையை ஆதாரம் உள்ளது என்று எழுத முடியாது, விட்டுவிடவும் மனசில்லை. ‘ஊரில் சொல்வது’ என்று சுவரில் தனியாக ஒரு பத்தி போட்டோம், வருட முடிவில் நிறைந்து வழிந்தது அந்தப் பத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசு பஸ்ஸில் புலியூர்க்குறிச்சிக்குப் போய் உதயகிரிக் கோட்டையைப் பார்த்தோம். குளச்சலில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டிலனாயின் கல்லறை அங்கே இடிந்த ஒரு சிற்றாலயத்துக்குள் இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். புத்தகம் சண்டையோடு அவரை விட்டுவிட்டது, கல்லோ 1777இல் அவர் இறந்ததைச் சொல்கிறது. அதாவது எதிரியாக வந்தவர் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மண்ணில் வேலை பார்த்துக் கழித்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போக ஆசை வந்திருக்காதா என்று ஒரு சிறுமி கேட்டாள். வளைகுடாவில் அப்பா இருக்கிற பிள்ளை அவள். பழைய வாழ்க்கை வரலாறு எதிலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் போனோம். தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிற அரண்மனை அது, வரைபடப் பேச்சு அங்கேயும் தொடர்ந்தது.

தோள்சீலை

சில சமுதாயங்களின் பெண்களுக்கு மேலாடை அணிய மறுத்ததை எதிர்த்து இங்கே நடந்த போராட்டம் இது. இதைக் கடைசியில் வைத்தோம், வேண்டுமென்றே. முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லி, விருப்பம் உள்ள பெரியவர்களையும் வரச் சொன்னோம். அந்தப் பாட்டா வந்தார். போனில் பேசிய தகப்பனார் வரவில்லை, மகனையும் அன்றைக்கு அனுப்பவில்லை.

எடுத்த முறை இதுதான். பள்ளிப் புத்தகத்தில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் காலத்துச் சாதனைகள் என்று ஒரு பக்கம் இருந்தது. 1855இல் அடிமை முறை ஒழிப்பு இருந்தது. 1859இல் ஆலப்புழையில் முதல் கயிறு ஆலை இருந்தது. அதே 1859இல், ஜூலை 26ஆம் தேதி, தென்திருவிதாங்கூர்ப் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அதே மகாராஜா விட்ட விளம்பரம் அந்தப் பக்கத்தில் இல்லை. இருந்ததைப் பெரியவர் படித்தார், இல்லாததைப் பிள்ளைகள் சுவரில் எழுதினார்கள்: 1829இல் அரசு அந்த உரிமையை மறுத்தது, 1858இல் கலவரம், சென்னை கவர்னர் டிரெவிலியனின் நெருக்குதல், 1859 விளம்பரம். அந்த விளம்பரமும் உயர்ஜாதிப் பெண்கள் அணிகிற மாதிரி மட்டும் அணியக்கூடாது என்று நிபந்தனை போட்டது என்று சொன்னபோது “அப்போ பாதிதான் குடுத்தாங்களா” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

மறுபக்கம் லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் எழுதி 1871இல் வந்த ஆங்கிலப் புத்தகத்தின் சில பத்திகளைத் தம்பி தமிழில் சொன்னான். அவரும் ஒரு பக்கத்து ஆள்தான், மிஷன் வேலைக்கு இங்கிலாந்தில் ஆதரவு திரட்ட எழுதியவர் என்பதையும் முதல் தாள் விளையாட்டு வழியாகப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். இந்த மண்ணிலேயே அய்யா வைகுண்டர் 1851க்கு முன்பே தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக் கும்பிடச் சொன்னதை டீச்சர் சேர்த்தார். பாட்டா கடைசியில் எழுந்து தன் அம்மை சொன்னதை இரண்டு நிமிடம் சொன்னார். யாரும் கேட்காமல் அவராகச் சொன்னது. சிரித்த பையன் அன்று முன்வரிசையில் இருந்தான், ஒன்றும் பேசவில்லை. அவனை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை, அது முன்பே செய்த முடிவு.

என்ன ஆனது

பள்ளித் தேர்வில் சமூக அறிவியல் மார்க் கூடியதாக எதுவும் தெரியவில்லை. ஒரு பள்ளியில் பிள்ளைகள் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேள்வி கேட்கிறார்கள் என்று புகார் வந்தது, இன்னொரு பள்ளியில் அதே காரணத்துக்காக ஒரு ஆசிரியை சுவர்த்தாள்களைக் கேட்டு வாங்கிப்போனார். தொடங்கியபோது இருந்த கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வளைகுடா வீட்டுப் பிள்ளைகள் டியூஷனுக்கு, ஒருவன் அந்தத் தகப்பனார் சொல்லி. புதிதாகச் சிலர் வந்தார்கள், பாதிப் பேர் பாட்டிகளைப் பார்க்க.

பிள்ளைகள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வாழ்க்கையும் மூன்று பத்தியில்: பழைய புத்தகம் சொல்வது, இன்னொரு புத்தகம் சொல்வது, ஊரில் சொல்வது. நாலாவதாகத் தங்கள் தீர்ப்பை எழுத வேண்டும் என்று தம்பி சொன்னான், டீச்சர் வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்றேன். பதிமூன்று வயசில் தீர்ப்பு எழுதச் சொன்னால் பெரியவர்களுக்குப் பிடிக்கிற தீர்ப்பைத்தான் எழுதுவார்கள்.

அன்று பத்தியைப் பாதியில் நிறுத்தின சிறுமி இப்போது எட்டாம் வகுப்பு. பத்திரிகைக்கு அவள்தான் எழுத்துப் பிழை பார்க்கிறாள்.

இனி மாற்றுவது

மூன்று பெட்டியிலும் பெண்களின் வாழ்க்கை வரலாறு என்று ராணிகளையும் பக்தைகளையும் தவிர ஒன்றும் இல்லை, அதனால் வருடம் முழுக்க ஆண்களைப் பற்றியே பேசினோம். அடுத்த முறை 1937இல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆகி, 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியான அன்னா சாண்டியிலிருந்து தொடங்கலாம் என்று டீச்சர் சொல்கிறார், அவரைப் பற்றி மலையாளத்தில் கிடைப்பதைப் பாட்டிகளே படிக்கலாம்.

ஆறாம் ஏழாம் வகுப்பையும் எட்டாம் ஒன்பதாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைப்பது இல்லை. சின்னவர்களுக்கு எழுத்துப் புதிர், வருடக் கணக்கு, கோட்டை, கல்வெட்டு. இரண்டு புத்தகத்தை மோதவிடுவது பெரியவர்களுக்கு மட்டும். உரக்கப் படிக்கிற எதையும் முதல் நாளே மூன்று பேரும் முழுசாகப் படித்திருக்க வேண்டும், வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதை வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், மழைக்காலத்தில் நடுவழியில் அல்ல.

புத்தகங்களை இடவப்பாதிக்கு முன் படம் பிடித்துவிட வேண்டும் என்று வருடா வருடம் பேசுகிறோம். இந்த முறை தம்பியின் கல்லூரி நண்பர்கள் மேலிருந்து படம் எடுக்கிற ஸ்டாண்டு ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்கள், மலையாளப் பள்ளிப் புத்தகங்களை முதலில் முடிப்பது என்று ஏற்பாடு. பாட்டி ராகம் போட்டுப் படித்த புத்தகத்தில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பழைய பள்ளி எதிலாவது இன்னொரு பிரதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.